தவரத்தினத்தின் ரஷ்யா

"நிப்பாட்டு" என்கிறார் தவரத்தினம். ரிமோட் அவர் கையிலேயே இருப்பதால் அவரே நிப்பாட்டுகிறார். திரையில் ரஷ்ய உளவாளி ஒருவன் துப்பாக்கியோடு அடுக்குமாடி வீடொன்றுக்குள் பாய்ந்தவன், பாய்ச்சலின் நடுவில் அந்தரத்தில் தொங்குகிறான். அவன் தொங்கட்டும். தவரத்தினத்தின் பிரச்சினை அவனுக்குப் பின்னால் தெரியும் யன்னல். பாதி கடித்த றோல்ஸை நீட்டி அதைக் காட்டுகிறார்.

"உது பிழை. அங்கை யன்னல் ரெண்டு அடுக்கு. நடுவிலை பஞ்சு வைச்சு அடைச்சிருப்பாங்கள். இவங்கள் எங்கையோ செற் போட்டு எடுத்திருக்கிறாங்கள். நான் இருந்தனான், எனக்குத் தெரியாதே?"

இடம், பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் கரிகாலன் நடத்தும் டிவிடிக் கடை. தொலைபேசி அட்டையும் றோல்ஸும் உண்டு. காலம், 2012 பனிக்காலம். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த ரஷ்ய அடிதடிப் படமொன்றுக்குச் சென்னையில் யாரோ புண்ணியவான்கள் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார்கள். மொஸ்கோ பொலிஸ் மேலதிகாரி தன் கீழுள்ளவனைப் பார்த்து "இன்னாடா முறைக்கிற" என்று கேட்பார். அதைக் கேட்பதற்காகவே சனம் வந்தது. கரிகாலனும் கல்லாவுக்கு மேலிருந்த தொலைக்காட்சியில் வேறு படம் போடுவதையே விட்டுவிட்டான்.

ஆளுக்கொரு விமர்சனம். தொலைபேசி அட்டை வாங்க வரும் பூரணி அக்காவுக்குக் கதாநாயகனிடம் ஒரே குறை: "உந்தப் பெடியன் ரெண்டு மணித்தியாலமா ஓடுறான், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சவனோ?" இங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சில் ஒற்றைச் சொல்லால் படத்தைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கைத்தொலைபேசிக்குள் புகுந்தார்கள். கதாநாயகி அந்தப் பனியில் மேற்சட்டை இல்லாமல் ஓடுவது யதார்த்தமா என்று கவலைப்பட்ட ஆண்கள், கவலை தீராமல் அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். ஆனால் இவையெல்லாம் வெறும் அபிப்பிராயங்கள். தீர்ப்புச் சொல்கிறவர் தவரத்தினம் ஒருவர்தான்.

ரூ காய் தெருவில் நாடுகள் பற்றிய நிபுணர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அகதியாக வரும் வழியில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் யாரை எந்த ஊரில் தொங்கப்போட்டானோ, அந்த ஊர் அவருக்கு எழுதிக் கொடுத்தது மாதிரி. பாங்கொக் விமான நிலையத்து நாற்காலிகளில் படுத்தெழும்பியவர் தாய்லாந்து அரசியலுக்குப் பொறுப்பு. தோகோவில் மலேரியா வந்து கிடந்தவர் ஆபிரிக்கா முழுவதையும் பார்த்துக்கொள்கிறார். அந்த ஒழுங்கில் ரஷ்யா தவரத்தினத்தின் பங்குக்கு வந்தது. தொண்ணூறுகளில் ஒரு முழுப் பனிக்காலத்தை அவர் மொஸ்கோவில் கழித்தவர். "மொஸ்கோ அண்ணை" என்றுதான் கடையில் பெயர்.

அந்தப் பெயரை விட்டால் மனிதருக்கு வேறொன்றும் இல்லை. ஒப்பேரா பக்கத்து உணவகமொன்றில் சட்டி பானை கழுவுகிறார். அங்கே தலைமைச் சமையல்காரர் அவருடைய பெயரை வெட்டி, வாய்க்கு வந்த பாதியை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறார். புறநகர் ஆர்ஜொந்தெயில் வீடு. தொலைக்காட்சித் தொடர் தொடங்கும்வரைதான் மனைவி புஸ்பராணி அவர் பேச்சைக் கேட்பார். பிள்ளைகளுக்கு அதற்கும் நேரமில்லை. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வில் இந்தக் கடைக்கு வந்தால் மட்டும் அவர் சொல்வதைப் பத்துப் பேர் வாய் பார்த்துக் கேட்கிறார்கள்.

வந்தால் உட்காரமாட்டார். கண்ணாடிக் கதவோரம் நல்ல கதிரை சும்மா கிடக்கும். அதை விட்டுவிட்டு உள்மூலையில், மின்விளக்குச் சுவிச்சுக்குப் பக்கத்தில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். அங்கிருந்து வகுப்புத் தொடங்கும். சூடாக்கும் குழாயை அங்கே குறைக்க முடியாது, வெந்து சாகவேண்டியதுதான். பாண் கறுப்பு, புளிக்கும். குப்பை கொட்டும் குழாய்க்குள் போத்தல் விழுந்தால் எல்லா மாடிக்கும் கேட்கும். லிப்ற் வந்து நிற்கும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். கார்கள் ஒன்றையொன்று துரத்தும் கட்டத்தில் மட்டும் கருத்து எதுவும் வராது. சிவப்புச் சதுக்கத்தில் டாங்கி ஓடும்போதும் வராது. அந்த நேரத்தில் றோல்ஸைக் கடிப்பார். பாவம், பசியாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த ஆட்சிக்கு லோறன்ஸ் என்ற பெயரில் சனி வந்தது. மன்னார்க்காரர். எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவில் பொறியியல் படித்தவர். இப்போது எபினேயில் இருக்கிறார். "நான் அங்கை படிக்கேக்கை" என்று தொடங்காமல் இவருக்கு வாக்கியம் வராது. கரிகாலன் கெட்டிக்கார வியாபாரி. இரண்டு ரஷ்யாவையும் ஒரே சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு வரும்படி அழைத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லியும் வைத்தான். நானும் முந்திப் போய்க் கண்ணாடிக் கதவோரம் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கும் வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

தவரத்தினம் வழமைபோலப் படத்தை நிப்பாட்டி யன்னலில் தொடங்கினார். "யன்னல் சரி" என்றார் லோறன்ஸ், பரீட்சைத் தாளுக்குப் புள்ளி போடுகிற மாதிரி. பாணும் சரியாம். குழாயும் சரியாம். கடை கொஞ்சம் ஏமாந்துபோனது. பிறகுதான் லோறன்ஸ் சாதாரணமாகக் கேட்டார், நீர் இருந்த இடத்துக்குக் கிட்ட எந்த மெற்றோ என்று.

றோல்ஸ் வாய்க்குப் போகாமல் நின்றது. எங்களை மூடின வான் வண்டியிலை கொண்டுவந்து இறக்கினவங்கள் என்றார் தவரத்தினம். எந்தப் பக்கம்? தெரியாது. ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஆறு ஒன்று இருப்பதே அவருக்குப் புதினமாக இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். லோறன்ஸ் கெட்ட மனிதரல்லர். கேள்வியைத் தொடங்கினால் முடிக்காமல் விடத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"நீர் ஒரு நாளாவது வெளியிலை இறங்கி நடந்தனீரோ?"

"எப்பிடி நடக்கிறது? விசா முடிஞ்சு போச்சு. ஏஜென்சிக்காரன் வெளியாலை பூட்டிப்போட்டுப் போயிடுவான். ஒரு அறைக்குள்ளை பதினாலு பேர்."

"சரி, யன்னலுக்காலையெண்டாலும் பாத்திருப்பீர்."

"யன்னலடிக்குப் போகக்கூடாது. பொலிஸ் கண்டிடும்."

லோறன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீர் ரஷ்யாவிலை இருக்கேல்லை, தவரத்தினம். ஒரு அறைக்குள்ளை இருந்திருக்கிறீர்."

கடை குலுங்கியது. பூரணி அக்கா தொலைபேசி அட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இனிமேல் "அறை அண்ணை" என்று கூப்பிடுவோம் என்றான் கரிகாலன். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் அடங்கிப்போனது. எத்தனையோ வாரமாக இந்த மனிதர் அளந்ததில் ஒன்றுகூடப் பொய்யில்லை. படுபாவி, ஒரு மெற்றோவின் பெயரையாவது கேட்டுப் படித்து வைத்திருக்கக்கூடாதா? எனக்கு அந்த இடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

தவரத்தினம் யார் முகத்தையும் பார்க்காமல் ரிமோட்டை அமத்திப் படத்தை ஓடவிட்டார். அந்தரத்தில் தொங்கிய உளவாளி ஒருவழியாகத் தரையில் விழுந்து, எழும்பி, கதவைச் சாத்தினான். அடுத்து வருவது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பொலிஸ்காரர்கள் தடதடவென்று படியேறி வருவார்கள். மேலதிகாரி கதவில் குத்தி, "யார்ரா உள்ளே, தொறடா" என்பார். அந்த வசனத்தைக் கூடச் சேர்ந்து சொல்லக் கடை வாயைத் திறந்து வைத்திருந்தது.

கதவில் முதல் குத்து விழுந்தது. படத்தின் சத்தம் அப்படியே நின்றுபோனது.

தவரத்தினத்தின் பெருவிரல் ரிமோட்டில் இருந்தது. மற்றக் கை, திரும்பிப் பார்க்காமலே பின்னால் போய்ச் சுவிச்சைத் தட்டியது. கடை இருண்டது. "ஒருத்தரும் கதையாதேங்கோ" என்றார், மூச்சளவுக் குரலில். அந்த மனிதரிடம் அப்படியொரு குரல் இருப்பது எங்களுக்குத் தெரியாது. லோறன்ஸ் கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

திரையில் அந்த மேலதிகாரியின் வாய் சத்தமில்லாமல் திறந்து மூடியது. தவரத்தினம் கண்ணை அதிலிருந்து எடுக்காமல், சுவரோரமாக இரண்டு அடி வைத்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்தார். கண்ணாடிக் கதவிலிருந்து என்னை மெல்ல உள்ளே இழுத்துத் தன் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நிறுத்தினார். படத்தில் பொலிஸ்காரர்கள் படியிறங்கிப் போய் முடியும்வரை அந்தப் பிடியை விடவில்லை.