வடை வாசம் அடித்த புகை

புஸ்பத்துக்கு எதையும் கிண்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ரேடியோவைக் கழற்றியவள், தையல் மெஷினைக் கழற்றியவள். கழற்றியதைத் திரும்பப் பூட்டியதும் உண்டு, பூட்டாததும் உண்டு. நாட்டில் சண்டை முடிந்த வருடம் அவள் கண் புருசன் உதயரூபனின் பழைய பிக்கப்பில் விழுந்தது.

கல்லடிக் கரையில் மீன் ஏற்றி, வெல்லாவெளிப் பக்கம் கொண்டுபோய் விற்பதுதான் அவர்கள் பிழைப்பு. வண்டியோ தெருவையே மறைக்கிற மாதிரிப் புகைத்தது. அவர்கள் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று அழைக்கும் மெக்கானிக் முனாப் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“சுனாமியில கடல் குடிச்ச எஞ்சின் புள்ள. இனி பழைய இரும்புக்குத்தான் போடணும்.”

உதயரூபன் தலையாட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை இரும்புக்காரன் வருவதாக ஏற்பாடு. வண்டி போனால் அடுப்பும் அணையும். புஸ்பத்துக்குப் பொறுக்கவில்லை.

“காக்கா, புகையப் பாத்து என்ன பிழையெண்டு சொல்லலாமா?” என்று முனாப்பிடம் கேட்டாள்.

“கறுப்பெண்டா டீசல் கூடிப்போச்சு. நீலமெண்டா ஒயில் எரியுது. வெள்ளையெண்டா தண்ணி போகுது.”

அவளுக்கு அது போதும். மறுநாள் வண்டி மீன் விற்றுத் திரும்பியதும் ரேடியேட்டரைப் பார்த்தாள். தண்ணீர் குறையவில்லை. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. புகையோ வெள்ளையுமில்லை, நீலமுமில்லை. கடைசியில் புகைக் குழாயடியில் குந்தி மூக்கை நீட்டினாள்.

அசல் வடை சுடும் வாசம்!

டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தாள். மண்ணெண்ணெய், கூடவே தேங்காயெண்ணெய். சண்டையில் டீசல் தடையாயிருந்த காலத்தில், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வண்டி ஓட்டியவர்கள் பழகிய கலவை அது.

“இஞ்சாருங்க, இதென்ன கூத்து? பெற்றோல் செட்டில வாங்குற டீசலெல்லாம் எங்க?”

உதயரூபன் வலைக் கொட்டிலைத் திறந்துவிட்டான். உள்ளே கேன் கேனாக டீசல்.

“அண்டைக்குக் கடல் வரக்குள்ள தங்கச்சியத் தூக்கி வண்டியில வைச்சன் புஸ்பம். காலுடைஞ்சு கட்டுப் போட்டிருந்தவள். டாங்கியில டீசல் இல்ல. அதிலயிருந்து டீசல் முடிஞ்சிருமெண்டு பயம், வாங்கி வாங்கிச் சேத்து வைச்சன், சொல்ல ஏலாமத்தான் இரும்புக்கும் தலையாட்டினன்.”

புஸ்பம் அதற்குப் பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது தெரியும், இது தெரியாது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கலவையை வடித்துவிட்டு, கேன்களைத் தூக்கி வந்து டாங்கி முட்ட ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் புகை அடங்கிவிட்டது. இரும்புக்காரன் வெறுங்கையோடு திரும்பினான். மிச்சமிருந்த ஒரு கேனை அவள் வண்டியின் ஆசனத்துக்குப் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினாள்.

“இது இதிலயே கிடக்கட்டும்,” என்றாள். “நான் தொடமாட்டன்.”