ஐந்தாம் பக்கம்

ஆராய்ச்சி வார்டில் அவளுக்குப் பேனா அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடங்களாக, புது மருந்துச் சோதனைகளுக்கு நோயாளிகளிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. படிவம் ஏழு பக்கம். வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. யார் படித்தார்கள்? அவள் விரல் நேரே ஏழாம் பக்கத்துக்குப் போய்விடும். "ஒண்ணும் பயப்படாதீங்க, இங்க ஒரு கையெழுத்து." அந்தச் சிரிப்புக்குக் கல்லும் கரையும், நோயாளி எம்மாத்திரம்! சோதனைகளை நடத்தும் பேராசிரியருக்கு வேண்டிய அளவு ஆள் சேர்ந்தது அப்படித்தான். பாராட்டெல்லாம் அவருக்கு.

ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரையைச் சோதித்தபோது சொந்த நாத்தனாரையே அழைத்து வந்தாள். பெரிய டாக்டர் பார்ப்பார் என்ற நல்லெண்ணம்தான். சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. எல்லோருக்குமே பழைய மாத்திரை நிறுத்தப்படும் என்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. நாத்தனாருக்கு வாய்த்தது மாவு. நாலாவது மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தங்கைக்கு இப்படி ஆனதிலிருந்து வீட்டில் கணவன் பேனா அக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரியில் விசாரணை என்றார்கள்.

"படிச்சுக் காட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. உன் வேலைக்கும் நல்லது" என்றார் பேராசிரியர்.

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். பொய் சொல்ல நாக்கு எழவில்லை, வேலையை விடவும் மனம் வரவில்லை. விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் படிவத்தை எடுத்துக்கொண்டு நாத்தனாரின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். இன்றைக்குப் படித்துவிட்டால் நாளைக்குச் சொல்வது பொய்யாகாதே! மனுஷ புத்தி எங்கெல்லாம் சந்து தேடுகிறது பாருங்கள்.

ஐந்தாம் பக்கத்தில், பழைய மாத்திரை நிறுத்தப்படும் என்ற வரியை இரண்டு தரம் படித்தாள். நாத்தனார் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் படிக்கத் தெரியும் அண்ணி. அன்னிக்குக் கண்ணாடி பையிலதான் இருந்துச்சு. நீட்டினது நீங்களாச்சேன்னுதான் எடுக்கல."

மீதி இரண்டு பக்கத்தையும் அவள் அழுதுகொண்டே படித்து முடித்தாள்.

மறுநாள் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். ஓரத்தில் பேராசிரியர்.

"படிவத்தைப் படிச்சுக் காட்டினீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"காட்டினேன் ஐயா."

பேராசிரியர் மூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நேத்துச் சாயங்காலம்" என்றாள் அவள். "மத்த இருநூறு பேருக்கு இன்னும் படிக்கல."