குளிரும் என்று தின்ற பால்கோவா

முதலில் அது பசி மாதிரிதான் வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஓர் எரிச்சல். சாப்பிட்டால் அடங்கும், பிறகு திரும்பும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் நான் மேலாளர். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புகிறவனுக்குக் கட்டுப்போட முடியாத இடத்தில் புண். இதைச் சொல்லிச் சிரிக்க அப்போது தெம்பு இருந்தது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மனைவியின் அண்ணன் அங்கே பால்கோவா போடுகிறார். எரிச்சல் என்றதும் வைத்தியராகிவிட்டார்.

"பாலுதான மாப்ள, வயித்தக் குளுத்திரும். வெறும் வயித்துல ரெண்டு வாய் போடுங்க."

போட்டேன், குளிர்ந்தது. மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் ஒரு விள்ளல். மூட்டுவலி மாத்திரைக்கு மேல் ஒரு விள்ளல். சிகரெட்டுக்கு முன்னும் பின்னும். வேறு ஊர்க்காரன் என்றால் டாக்டரிடம் போயிருப்பான்.

பிறகு மலம் தார் போலக் கருப்பாகப் போனது. வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் ஆலை வாசலில், காப்பித்தூளைக் கரைத்தது போல வாந்தி எடுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டுமே உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். உங்களுக்கு இதில் ஒன்று நேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீதியை அங்கே படித்துக்கொள்ளலாம்.

எண்டோஸ்கோபி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்த டாக்டர் அம்மாள், இரைப்பையில் புண், அதற்குக் காரணம் கிருமி பாதி, வலி மாத்திரை பாதி என்றார். பால்கோவாவைப் பற்றியும் கேட்டேன்.

"பால் கொஞ்ச நேரம் அணைக்கும் சார். அப்புறம் அமிலம் கூடச் சுரக்கும். வலி அடங்குனதும் நீங்க புண்ண மறந்துட்டீங்க."

பயாப்ஸிக்கு (சதைத் துணுக்கெடுத்துச் சோதிப்பது) அனுப்பியிருந்தார். முடிவு வந்த அன்று புற்றுநோயா என்று நானே கேட்டேன்.

"எடுத்த துணுக்குல இல்ல. ஆனா புண் ஆறலைன்னா நான் நம்ப மாட்டேன். மறுபடி பாக்கணும்."

மனைவி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்புட்டு நாளாக் கருப்பாப் போச்சு?"

சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் கதை சொல்லுதிய. எங்கிட்ட இத ஒண்ணச் சொல்ல முடியல."

அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கிருமிக்கான ஆன்டிபயாடிக்கை நடுவில் நிறுத்தக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். சிகரெட், மூட்டுவலி மாத்திரை இரண்டும் அறவே கூடாது. காரம் புண்ணை உண்டாக்காதாம். எரிந்தால் மட்டும் விடச் சொன்னார். எனக்கு எரிந்தது. குழைந்த சோறு, பூசணிக்காய்க் கூட்டு, இட்லி. கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தவறாமல். எழுத எளிது. சிகரெட் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தான்களைத் திருகித் திருகி இரண்டைப் பிய்த்தது.

பத்தியத்தைவிடப் பயம் கொடியது. ஏப்பம் வந்தால் புற்றுநோய், வராவிட்டாலும் புற்றுநோய். காலையில் செய்தித்தாளுக்கு முன் மலத்தைப் பார்த்தேன்; இரண்டிலும் நல்ல சேதியைத் தேடினேன். ஒருநாள் மச்சான் வந்தார், முதன்முறையாக வெறுங்கையோடு. "நாந்தான் கெடுத்துட்டனோ மாப்ள?" என்றார். தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாம் எண்டோஸ்கோபிக்கு ராஜபாளையம் போனோம். வரிசையில் காத்திருந்தபோது என் உடம்பு யாருடையதோ போல இருந்தது.

"புண் சுருங்கியிருக்கு, மூடல," என்றார் டாக்டர். "இன்னொரு துணுக்கு எடுத்திருக்கேன்."

திரும்பும் பஸ்ஸில் சாப்பாட்டு வேளை வந்தது. கூட்டத்தில் டப்பாவைத் திறந்து தின்கிறவர்களை நான் கேலி செய்திருக்கிறேன். மனைவி மூடியைத் திறந்து மடியில் வைத்தாள்.

"தின்னுங்க. பாக்குறவன் பாக்கட்டும்."

முன்பெல்லாம் பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்றுவரை யோசித்து வைத்திருந்தேன். இப்போது அடுத்த வேளை வரைக்கும்தான் கண் தெரிகிறது. இட்லியைக் கூழாகும்வரை மென்று விழுங்கினேன். அது தொண்டையைத் தாண்டி இறங்குவது தெரிந்தது. அந்த இடத்தைத் தொடும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.

எரியவில்லை. அந்த வாய்க்கு.

அடுத்த வாயைப் பிட்டேன்.