என் பையில் வந்த பாட்டில்

அன்றைக்குச் சாயந்திரம் கப்பலில் அந்த வட்ட மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், நான், எங்கள் மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. பரிமாற நின்ற பெண்ணையும் சேர்த்தால் ஏழு பேர். மேசை மேல் இரண்டு பாட்டில். இரண்டின் கழுத்திலும் தேனீப் படம். அதில் ஒன்று ஏற்காட்டிலிருந்து என் கைப்பையில் வந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனாலோ என்னவோ, அச்சடித்து வருகிற எதைக் கண்டாலும் எனக்குப் பயம். கரண்ட் பில்லைக்கூட இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்துத்தான் கட்டுவேன். ஏரிக்குப் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. மிளகு, காப்பித்தூள், மலைத்தேன். தேனை நாங்களே பாட்டிலில் அடைத்து விற்கிறோம். மழை பிடித்தால் டூரிஸ்ட் வரமாட்டார்களே என்று பயப்படுவேன். வெயில் நீண்டால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பயப்படுவேன். இரண்டும் இல்லாத நாளில், ஏன் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று பயப்படுவேன்.

மாப்பிள்ளைக்குச் சேலத்தில், டிக்கெட் போட்டுத் தருகிற ஆபீஸில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைகிறது, இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கப்பலில் கூட்டிப்போகிறேன் என்றார். சென்னையில் ஏறி, மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்கலாம். கூட்டமில்லாத மாதம் என்பதால் விலை இறங்கியிருந்ததாம்.

சம்மந்தி வீடு நாகலூர் பக்கம். அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர். வேதக்காரர்கள். பிள்ளைகள் விரும்பினார்கள், இரண்டு வீட்டிலும் சரி என்றோம், கல்யாணம் நடந்தது. அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சம்மந்தியம்மா திராட்சையில் ஒயின் போடுவார். வீட்டில் கல்யாணம் நடந்தால், அந்த வருஷத்து ஒயினில் ஒரு பாட்டிலை எடுத்து வைத்து முதல் கல்யாண நாளன்று திறப்பார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பிள்ளைகளை வாழ்த்த வேண்டும்.

ஒரு வாய்தான். அந்த ஒரு வாய்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்தவர். கொஞ்சநஞ்சமல்ல. சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போனால், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அடிவாரத்திலேயே விழுந்து கிடப்பார். நானும் மகளும் யாராவது வண்டிக்காரரைக் கெஞ்சி, ராத்திரியில் மலை இறங்கிப் போய்த் தூக்கி வருவோம். ஒருநாள் அவராகவே நிறுத்தினார். நாலு வருஷம் ஆகிறது. ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்பார். இது எதையும் சம்மந்தி வீட்டில் நாங்கள் சொல்லவில்லை. "பழசு எதுக்கும்மா" என்றாள் மகள். சரி என்றேன். கல்யாணத்தன்று எங்கள் அதிர்ஷ்டம், யாரும் அவரிடம் எதையும் நீட்டவில்லை.

இப்போது கப்பல். ஒரு வாய் குடித்தால் மறுபடி தொடங்கிவிடுவாரோ என்று பயம். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், மகள் பொய் சொன்னவளாகிவிடுவாளே என்று இன்னொரு பயம். அவரிடம் கேட்டால், "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தேன் வடிகட்டப் போய்விட்டார்.

கப்பல்காரர்களே தடுத்துவிட்டால் நல்லது என்று நினைத்து, போனில் மகளை அவர்களுடைய சட்டதிட்டம் முழுவதையும் படிக்கச் சொன்னேன்.

"ஒரு அறைக்கு ஒரு ஒயின் பாட்டில் கொண்டு வரலாமாம்மா. சீல் பிரிக்காம இருக்கோணும். கையில எடுத்துட்டு வரோணும், பெட்டியில போட்டா எடுத்துக்குவாங்க. சொந்த அறையில குடிச்சா காசில்ல. சாப்பிடற ஹால்ல திறந்தா, திறக்கறதுக்குன்னு தனியா காசு."

"நம்ம பாட்டிலத் திறக்கறதுக்கு அவங்களுக்கு எதுக்குடி காசு?"

"அது அப்பிடித்தாம்மா. அப்புறம், ஊட்டுல செஞ்ச பண்டம் எதுவும் உள்ள உடமாட்டாங்களாம். முறுக்கு கிறுக்குன்னு தூக்கிட்டு வந்துராத."

முறுக்கு ஆகாது, ஒயின் ஆகும். என்ன சட்டமோ!

அடுத்த வாரம் சம்மந்தியம்மா பஸ்ஸில் கடைக்கு வந்தார். கட்டைப் பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே கருஞ்சிவப்பு, ஒரே தக்கை. ஒன்றின் கழுத்தில் மட்டும் பச்சை நூல் கட்டியிருந்தது.

"ஏனுங்க சம்மந்தி, உங்க கடையில தேன் பாட்டிலுக்கு ஒரு உறை போட்டுச் சூடு காட்டுவீங்களே, அதை இதுக்கும் போட்டுக் குடுங்க. சீல் இருந்தாத்தான் உடுவாங்களாம்."

"ரெண்டு எதுக்குங்க? ஆளுக்கு ஒரு வாய்தானுங்களே?"

"ஆறு பேருக்கு ஒரு பாட்டில் பத்துமுங்களா? ஒன்னு எங்க அறைக் கணக்குல வரட்டும். பச்சை நூல் கட்டுனது உங்க பையில. மாத்திறாதீங்க, என்ன?"

ஒரு வாய்க்கு ஒரு பாட்டில் பத்தாதா? இவர்கள் மூன்று நாளும் குடிக்கிற கூட்டம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். தப்பாகத்தான் நினைத்தேன். அப்போது அப்படித்தான் தோன்றியது.

உறை போட்டது என் வீட்டுக்காரர்தான். எங்களிடம் இருந்ததெல்லாம் தேனீப் படம் போட்ட உறைகள். தக்கைமேல் மாட்டி, சூடான காற்றடிக்கிற மெஷினைக் காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். நான் ஏற்கெனவே துடைத்த அலமாரியை மறுபடியும் துடைத்துக்கொண்டே அவர் கையையே பார்த்தேன். முதல் பாட்டில் முடிந்தது. இரண்டாவதைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார். நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னத்த அப்பிடிப் பாக்கற?" என்றார் என்னிடம்.

"ஒன்னுமில்லீங்க, தூசி."

"தூசி அங்க இல்ல, உன் மூஞ்சியில இருக்குது" என்று சிரித்துவிட்டு உறையை மாட்டினார். நூலை மட்டும் வெளியே தெரியும்படி விட்டார்.

கிளம்பின அன்று, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பாட்டிலை மடியில் கட்டிப் பிடித்திருந்தேன். மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே ஒரு துண்டு. ரயிலில் யாராவது காக்கிச்சட்டை கடந்து போனால் காலை நீட்டிப் பையை மறைத்தேன். "பாம் எடுத்துட்டுப் போறவங்க கூட இப்படி முழிக்க மாட்டாங்கம்மா" என்றாள் மகள்.

துறைமுகத்தில் பைகள் மெஷினுக்குள் போயின. மற்ற எல்லோருடையதும் போய்விட்டது. என் பையை மட்டும் ஓரமாகத் தள்ளினார்கள். ஒரு தமிழ்க்கார ஆபீசர் ஸ்வெட்டரைப் பிரித்து, பாட்டிலை வெளியே எடுத்து, தேனீயைப் பார்த்தார்.

"இது என்னம்மா, தேனா?"

பயத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான். "ஆமாங்க, தேனுங்க."

"வீட்ல அடைச்சதா? அப்படின்னா உள்ள போகாது. எடுத்து வெச்சுடுவோம்."

பாட்டில் அவர் கையோடு நகர்ந்தது. போகட்டும் என்று ஒரு மனசு. அப்படியே போய்த் தொலையட்டும், என் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் சம்மந்தியம்மா நின்றிருந்தார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஒரு வருஷமாக எடுத்து வைத்துக் கொண்டு வந்தவர். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சார், இல்லீங்க சார்! அது தேன் இல்லீங்க. ஒயினுங்க. என்னோடதுங்க. எங்க அறைக் கணக்குக்கு ஒன்னு உண்டுங்க!"

என் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற வடக்கத்திக் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் விபூதி, கையில் சாமிக்கயிறு.

"உங்களோடதா?"

"ஆமாங்க."

"அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. எடுத்துட்டுப் போங்க, அளவாக் குடிங்கம்மா."

என் வீட்டுக்காரர் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் குடிக்கு எதிராகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவள், அத்தனை பேர் நடுவில் ஒயின் என்னுடையது என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

இனி அந்த மேசைக்கு வருகிறேன். பரிமாறுகிற பெண் சம்மந்தியின் பாட்டிலை எடுத்துத் தேனீயை ரசித்துவிட்டு, எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஏற்காடு" என்றார் மாப்பிள்ளை, பெருமையாக. அவள் தக்கையைத் திருகி எடுத்தாள். அவர்கள் முறைப்படி யாராவது ஒருவர் முதலில் ருசி பார்த்துத் தலையாட்ட வேண்டுமாம். வயசில் மூத்தவராகத் தெரிந்ததால், என் வீட்டுக்காரர் கிளாஸில்தான் முதலில் ஊற்றினாள்.

சம்மந்தியம்மா, "ஏம்மா, இரு இரு" என்று எதையோ சொல்லக் கை நீட்டினார். அதற்குள் என் வீட்டுக்காரர் கிளாஸை எடுத்துவிட்டார். எடுத்து, ஊற்றின பெண்ணின் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் நொம்பக் குடிச்சவனுங்க. நிறுத்தி நாலு வருசமாச்சு. இந்த ஒரு வாய் என்னைய எங்க கொண்டு போய் உடுமுன்னு எனக்கே தெரியாது. உங்க முறையைக் கும்புட்டுக்கறேன். ஆனா என்னால ஆகாதுங்க. பொண்ணு மேல ஒன்னும் இல்ல. உங்ககிட்டச் சொல்லாதது எங்க தப்பு."

சம்மந்தி தண்ணீர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். மகளைத் திருப்பி அனுப்பிவிட்டால் எந்த அறையில் படுக்க வைப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

சம்மந்தியம்மாதான் பேசினார். "ஏனுங்க, ஏற்காட்டுல இருந்து நாகலூருக்கு பஸ் ஓடுதுங்களா இல்லீங்களா?"

"ஓடுதுங்க" என்றேன், எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

"அந்த பஸ்ஸுல வாய் மூடிட்டு யாராச்சும் வர்றாங்களா? பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா பொண்ணு எடுத்தீங்க?"

"நிறுத்துனதும் தெரியுமுங்களே!"

சம்மந்தி இப்போதுதான் நிமிர்ந்தார். "கல்யாணத்தன்னிக்கு எங்க பங்காளிக கிட்டல்லாம் சொல்லி வெச்சிருந்தேனுங்க, உங்ககிட்ட ஒருத்தனும் கிளாஸ நீட்டப்படாதுன்னு. எஸ்டேட்டுல முந்நூறு பேர மேய்க்கறது சுளுவு. அந்த நாலு பேரக் கட்டி மேய்க்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி வந்துது."

அதிர்ஷ்டம் என்று நான் நினைத்திருந்தது, இவர் வாசலில் நின்று பார்த்த காவல்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நீங்க சொல்லாதத நான் எப்பிடிங்க சொல்றது?" என்ற சம்மந்தியம்மா, பச்சை நூல் கட்டின பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தார். "உங்க பையில வந்தது இதுதானுங்க. வெறும் திராட்சைச் சாறு. காச்சி, ஆறவெச்சு, புளிக்க உடாம அடைச்சேன். சத்தமில்லாம அண்ணனுக்கு இதுல ஊத்திறலாமுன்னு பாத்தேன். இந்தப் புள்ள முந்திக்கிட்டா."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஸ்வெட்டர் சுற்றி, காக்கிச்சட்டைக்குப் பயந்து, துறைமுகமே கேட்கக் கத்தி நான் கொண்டு வந்தது ஜூஸ்.

மகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் மேசையே சிரித்தது. பரிமாறும் பெண் இரண்டாவது தக்கையையும் எடுத்து, பில்லில் இரண்டு என்று போட்டாள். "இது ஜூஸ்தானே, இதுக்குமா காசு?" என்று மாப்பிள்ளை அவளைக் கூப்பிடப் போனார். சம்மந்தியம்மா அவர் கையில் ஒரு அடி போட்டார்.

"வாய மூடு சாமி! ஜூஸுன்னு சொன்னா ஊட்டுப் பண்டமுன்னு புடுங்கிக்குவாங்க. ஒயினாவே இருந்துட்டுப் போவுது."

என் வீட்டுக்காரர் சாற்றை ஒரு வாய் குடித்து, பிள்ளைகள் தலையில் கை வைத்தார். கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன். நானும் அதிலேயே ஒரு வாய் குடித்தேன். கொஞ்சம் சர்க்கரை தூக்கலாக இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவரிடம் கேட்டேன். "உறை போடறப்ப வெளிச்சத்துல பாத்தீங்களே, ஜூஸுன்னு தெரியுமுங்களா?"

"மூடுன பாட்டிலுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கறத உட்டு நாலு வருசமாச்சு. தக்கை நேரா இருக்குதான்னுதான் பாத்தேன்."

நம்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, பழக்கமில்லாத ஒரு காரியம் செய்தேன். நம்பினேன்.

இரண்டு தக்கை திறந்த காசும் சம்மந்தியம்மாவின் அறைக் கணக்கில்தான் ஏறியது. ஊர் திரும்பியதும் என் பாட்டிலுக்கான பணத்தை எடுத்துக்கொண்டு நாகலூர் போனேன். காப்பி கொடுத்தார், கொய்யாப்பழம் கொடுத்தார், பணத்தை மட்டும் வாங்கவில்லை. அடுத்த முறை அவர் கடைக்கு வந்தபோது மிளகுப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். "இருக்கட்டுங்க சம்மந்தி, அதைக் குடுக்கற சாக்குலயாவது வந்து போவீங்களே" என்று போனில் சொன்னார்.

யாருக்காவது பத்து ரூபாய் தர வேண்டியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இது மட்டும் என்னவோ உறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி நாகலூர் போகிறோம், இரண்டு பேருமாக. பணத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். வாங்கமாட்டார் என்று தெரியும். இன்றுவரை பாக்கி, ஒரு பாட்டில் திராட்சைச் சாற்றை ஒயின் என்று திறந்த வகையில், எழுநூறு ரூபாய்.