ஜெனரேட்டர் பக்கத்து வீடு

நீச்சல் குளமும் லிஃப்டும் இருக்கிற அப்பார்ட்மெண்ட்டில் வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று சொன்னதும் எங்கள் செக்கிங் செக்ஷன் மொத்தமும் சிரித்தது. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுகொண்டு துணியில் ஓட்டையும் கறையும் தேடுகிறவளுக்கு எதற்கு நீச்சல் குளம்? "ஏனுங்க்கா, லாட்டரி கீது அடிச்சிருச்சுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, அடிச்சிருச்சு. உனக்குப் பாதி தாறேன், இப்பப் பீஸைப் பாரு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது திறக்கவில்லை.

எனக்கு வேண்டியது குளம் இல்லை, கரண்ட். என் வீட்டுக்காரர் பல வருஷம் ரைசிங் மிஷினில் வேலை செய்தவர். குளிருக்குப் போடுகிற துணியின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பஞ்சாக்கும் மிஷின் அது. வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக வருவார். அந்தப் பஞ்சுதான் காரணமா, இளவயதில் குடித்த பீடியா என்று டாக்டர் தீர்த்துச் சொல்லவில்லை. நுரையீரல் சுருங்கிப்போய்விட்டது, இனி ராத்திரி பகல் ஆக்ஸிஜன் வேண்டும் என்று மட்டும் சொன்னார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற ஒரு மிஷினை வாங்கினோம். கரண்ட் இருக்கும்வரை ஓடும். போனால் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும்.

அப்போது திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் மதியத்துக்குள் கையை விரித்துவிடும். பிறகு சிலிண்டர்தான். ஒரு ஷட்டவுன் அன்று சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்த சிலிண்டரைக் கொண்டுவருகிற வண்டி பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. கரண்ட் வந்தபோது அவருடைய உதடு நீலமாகியிருந்தது. "இன்னொரு ஷட்டவுனை இந்த ஊட்டுல பாக்க என்னால ஆகாதுங்க" என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன்.

வீடு முழுக்க ஜெனரேட்டர் கரண்ட் வருவது பணக்கார அப்பார்ட்மெண்ட்களில்தான். முதலில் பார்த்த இரண்டு இடங்களிலும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஓர் இடத்தில், ஆளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். இன்னோர் இடத்தில் வீட்டு ஓனர் மனசுக்குள் வைத்துக்கொள்ளவே இல்லை. "தப்பா நெனைக்காதீங்க. நட்சத்திரம் செரியில்லாத நாள்ல ஒண்ணு ஆகிப்போச்சுன்னா ஆறு மாசம் ஊட்டை அடைச்சுப் போடோணும். அப்புறம் அந்த ஊட்டுக்கு யாருங்க வருவாங்க?" சாவு விழுந்த வீட்டைப் பூட்டிப்போடுகிற இந்த அடைப்பு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் உயிரோடு இருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் இருந்த தண்ணீர் டம்ளரை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இனி எங்கேயும் உண்மையைச் சொல்வதில்லை என்று பஸ்ஸில் முடிவு செய்தேன்.

புரோக்கர் என் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, "அந்த மாதிரி எடத்துல உங்க காசுக்குப் பாத்ரூம்கூட வராதுங்க" என்றான். ஒரு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான். "ஒண்ணு இருக்குதுங்க. மூணாவது மாடி, ஒத்தைப் பெட்ரூம். ஆனா ஜெனரேட்டர் பக்கம். போட்டாங்கன்னா காது கிழிஞ்சிரும். அதனாலதானுங்க வாடகை கம்மி, யாரும் வர்றதில்ல." எனக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டைப் பார்க்கப் போனபோது சமையல் மேடையையோ பாத்ரூம் டைல்ஸையோ நான் பார்க்கவில்லை. பெட்ரூமில் சார்ஜரைச் செருகி, கட்டடத்து மெயினை அணைக்கச் சொல்லி வாட்ச்மேனைக் கெஞ்சினேன். புரோக்கருக்கு மானம் போய்விட்டது. கரண்ட் போனது. மனசுக்குள் எண்ணினேன். ஐந்து வருவதற்குள் கீழே ஜெனரேட்டர் உறுமியது, சார்ஜரில் விளக்கு எரிந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கார அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம், நாங்கள் பார்த்த வீட்டுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் குடியிருந்தார்கள். "ஊட்டுல எத்தனை பேருங்க? சீக்காளிங்க யாரும் இல்லீங்களே?" என்று அந்த அக்கா கேட்டார். "நாங்க ரெண்டே பேருதானுங்க்கா. அவரு சாயப்பட்டறைல நைட் ஷிப்ட். பகல்லெல்லாம் தூங்குவாரு" என்றேன். கூசாமல் சொன்னேன். "செரிங்க. பால் காய்ச்சறன்னைக்குச் சோடியா வந்து நில்லுங்க, நானும் வர்றேன்" என்றார்.

சிக்கல் அங்கேதான். பால் பொங்கும்வரை என் வீட்டுக்காரர் குழாய் இல்லாமல் நிற்க வேண்டும். ஒரு வாரம் பழகினோம். குழாயைக் கழற்றி நாற்காலியில் மூன்று நிமிஷம், பிறகு ஐந்து, பிறகு பத்து. "ஏம்புள்ள, பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இத்தனை பாடுபடலை" என்று அவர் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. பால் காய்ச்சும் நாளன்று அவருக்குத் தேய்த்த சட்டை போட்டுவிட்டேன். சட்டியில் ஒரு டம்ளர் பால் மட்டும் ஊற்றி அடுப்பைப் பெரிதாக வைத்தேன், சீக்கிரம் பொங்கட்டும் என்று. அக்கா அவரைப் பார்த்து, "நைட் ஷிப்ட் பாத்துப் பாத்து ஒடம்பு எளைச்சுப் போச்சாட்ட இருக்குதுங்க" என்றார். அவர் கும்பிட்டபடியே நின்றார். பொங்கியதும் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினார். மிஷின் பனியன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஏற்கெனவே மேலே வந்திருந்தது. திருப்பூரில் அட்டைப்பெட்டிக்குள் என்ன என்று யார் கேட்கப்போகிறார்கள்? கதவைச் சாத்திக் குழாயை மாட்டியபோது என்னவோ பெரிதாக ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஏழு மாதம் அங்கே இருந்தோம். கரண்ட் போகும், மிஷின் கத்தும், நான் அவர் கையைப் பிடிப்பேன், ஐந்துக்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. "காசுக்காரங்க மூச்சு புள்ள இது, தீரவே தீராது" என்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒருவரும் குளிக்காத அந்த நீச்சல் குளத்தை மணிக்கணக்கில் பார்ப்பார். நான் வேலையிலிருந்து வரும்போது லிஃப்டில் யாராவது விசாரித்தால், தூங்குகிறார் என்பேன். கேட்ட எல்லோரிடமும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

அது நடந்தது ஒரு நாள் காலை பத்து மணிக்கு. நல்லவேளை, அன்று நான் லீவு போட்டிருந்தேன். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் ஆக்ஸிஜன் எண் இறங்கியது, மிஷினை முழுசாகத் திருப்பி வைத்தும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "ஆம்புலன்ஸ் அனுப்பறோம்" என்றார்கள். "வேண்டாம், நானே கூட்டிட்டு வர்றேன்" என்று என் வாய் சொன்னது. கீழே வரவேற்பறையில் அன்று அப்பார்ட்மெண்ட் பெண்கள் எல்லோரும் விளக்குப் பூஜைக்குக் கூடியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் காலி செய்யச் சொல்வார்கள். இவர் பிழைத்து வந்தால் எந்த வீட்டுக்கு வருவது? சத்தியமாக இதைத்தான் நினைத்தேன். அவர் போய்விடுவார் என்று நினைக்கவில்லை, திரும்பி வருகிற வீட்டைத்தான் நினைத்தேன்.

கதவுக்குப் பின்னால் சின்ன சிலிண்டர் நிறைந்து நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே எப்படிப் போவது? "ஆட்டோ வரைக்கும் தாங்குவீங்களா? பால் காய்ச்சினன்னைக்குத் தாங்குனீங்களே" என்றேன். அவர் தலையாட்டினார். நான்தான் குழாயைக் கழற்றினேன். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார்.

லிஃப்ட் திறந்ததும் எதிரே வீட்டுக்கார அக்கா. "ஏனுங்க, ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். "அவிநாசிக் கோயிலுக்குங்க்கா" என்றேன். அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டார், பால் காய்ச்சிய நாளில் கும்பிட்ட மாதிரியே. அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சீக்கிரமாப் போங்க" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

சிக்னலில் ஆட்டோ நின்றது. என் தோளில் சாய்ந்திருந்தவரின் பாரம் திடீரென்று கூடியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆக்ஸிஜன் இல்லாமலா கூட்டிட்டு வந்தீங்க?" அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு உடம்பை வாங்கிக்கொண்டேன்.

அவருடைய அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்தோம். அப்பார்ட்மெண்ட் வீட்டுக்கு அடைப்பும் இல்லை, தீட்டும் இல்லை. மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. "சேதி கேள்விப்பட்டேனுங்க. அந்த மிஷினை நிறுத்தாமப் போயிட்டீங்களாட்ட இருக்குது."

"எந்த மிஷினுங்க்கா?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பொய்தான் வந்தது.

"அதானுங்க, அவருக்கு மூச்சுக் குடுக்கறது. எங்க பூஜை ரூமுக்கு நேர் மேலதான அது. பால் காய்ச்சின மறுநாள்ல இருந்து கேக்கறேன். மூணு நாளா ஓடிட்டே இருக்குது. நடுவுல ரெண்டு வாட்டி கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் போட்டதும் மறுபடியும் ஓட ஆரம்பிச்சிருச்சுங்க."

நான் போனபோது அக்கா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா ஊடு குடுத்திருக்க மாட்டேன். பொய் சொல்லலீங்க. ஆனா குடி வந்ததுக்கப்புறம், மேல் மாடியில ஒரு மனுசன் மூச்சு உட்டுட்டு இருக்கறப்ப, காலி பண்ணுன்னு எந்த வாயில சொல்லுவேன்? அன்னைக்கு அவரு மொகத்தைப் பாத்தே தெரிஞ்சுதுங்க. நிறுத்திப் பேசுனா உங்களுக்கு நேரமாயிருமேன்னு உட்டுட்டேன். எங்க காரே கீழ சும்மாதான் நின்னுச்சு. கேட்டிருக்கலாமுங்களே." அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

பூட்டைத் திறந்தேன். படுக்கையறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையணை மேல் கிடந்த குழாயிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. நிறுத்த எனக்குக் கை வரவில்லை. சாவு வீட்டுக்காரி கூடவே நுழைகிறோம் என்று பார்க்காமல் அக்காதான் உள்ளே வந்து சுவிட்சை அணைத்தார். கதவுக்குப் பின்னால் சிலிண்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. முள் கடைசிவரை ஏறி, நிறைவு என்று காட்டிக்கொண்டு நின்றது.