மதினிக்கு எடுத்த மூளைப்படம்

கம்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, என் அண்ணன் அந்த ஸ்கேன் பிலிமை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். தோட்டத்தில் திராட்சைக் குலையைத் தூக்கிப் பழம் கனிந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு உறைக்குள் இருந்த தாளைப் படித்தான்.

"நார்மல்னுல்ல போட்டிருக்கு. தலையில ஒண்ணும் இல்லத்தா. பெறகு எதுக்கு இவளை வாரவாரம் மதுரைக்கு இழுக்கணுங்குற?"

இவள் என்றது அவன் மனைவியை, என் மதினியை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் படத்தை எடுக்க ஏற்பாடு செய்தவளே நான்தான்.

வீட்டுக்கு ஒரு கைப்பேசி வந்திருந்த காலம் அது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். மனநலம் மூளையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிற வேலை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து, சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபப்படுகிற முகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவோம். எந்த முகத்துக்கு மூளையின் எந்தப் பகுதியில் ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று இயந்திரம் பதிவு செய்யும். மனம் தெளிவாக இருப்பவர்களுக்கும் சோர்ந்து கிடப்பவர்களுக்கும் அதில் என்ன வித்தியாசம் என்று தேடுவோம். உள்ளே உலோகம் கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னால் நம் ஊர்ப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பதால், என் மேசை இழுப்பறையில் எப்போதும் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் இருக்கும். கயிற்றைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சங்கிலி கழுத்தை விட்டு இறங்கும்.

மதினிக்கு என் வயதுதான். அந்த வருஷம் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அவள் மயக்கம் தெளிவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. ஞாபகப்படுத்தினால் தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டோம். அவள் எல்லா வேலையும் செய்தாள், சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் நிற்பாள். சொந்தக்காரர்கள் "சும்மா நடிக்கிறா" என்றார்கள். எனக்கோ அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. எப்படியாவது இவளை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

மனநல மருத்துவர் என்றாலே அண்ணன் முறைப்பான். ஸ்கேன் என்றதும் உடனே சரி என்றான். காய்ச்சலுக்குக்கூட ஸ்கேன் எடுக்கவில்லையா என்று டாக்டரோடு சண்டை போடுகிற ஊர் எங்களுடையது.

ஆராய்ச்சிக் கேள்விகளை மதினியிடம் நானே கேட்டேன். தூக்கம்? "நல்லா வருதுத்தா." பசி? "அதுக்கென்ன." மனசு? "நல்லா இருக்கேன்." பக்கத்தில் இருந்த, ஆராய்ச்சியை நடத்தும் மனநல டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். "புகுந்த வீட்ல நல்லா இல்லைனு நாத்தனார்கிட்ட யார் சொல்வாங்க? நீங்க வெளியே இருங்க, நான் கேட்கிறேன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். வெளியே வந்த மதினியின் முகம் வீங்கியிருந்தது. உள்ளே பேசியது எதையும் டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. சிகிச்சை கட்டாயம் வேண்டும், வாரம் ஒருமுறை கூட்டி வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

குழாய்க்குள் போய்வந்ததும் மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த அழுகுற பொம்பள யாருத்தா? பாவமா இருந்துச்சு."

நான் டாக்டரிடம் படத்தைக் கேட்டேன். எங்காவது சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால் அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டலாம் என்று ஆசை. அவர் மறுத்துவிட்டார். பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புலப்படும், ஒருத்தியின் துக்கத்தை அவளுடைய படத்தில் படிக்க முடியாது என்றார். மூளையில் கட்டியோ ரத்தக்கசிவோ இல்லை என்று காட்டுகிற சாதாரண பிலிம்தான் கிடைத்தது. அதைத்தான் அண்ணன் வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கட்டி இருந்தா இதுல தெரியும். கவலை தெரியாது. அதை எப்பிடிப் பாக்குறதுன்னு நாங்களே இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"நீயே அங்கன கேட்டேல்ல? நல்லா இருக்கேன்னுதான சொன்னா?"

"நான் நாத்தனா. என்கிட்ட வேறென்ன சொல்லும்? டாக்டரம்மா கேட்டாக, அழுதுச்சு. நீ ஒரு தடவையாச்சும் கேட்டியா?"

"கேட்டா ஞாபகம் வந்துராதா?"

"மறந்திருந்தாத்தானண்ணே ஞாபகம் வரணும்."

நான் விடுவதாக இல்லை. பிலிமை வாங்கி உறைக்குள் போட்டேன்.

"செவ்வாக்கெழம மதினியக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறத்தான் போறேன். நீ சம்மதிச்சாலும் சரி, சம்மதிக்காட்டாலும் சரி. அதுக்கு முன்ன நீ ஒரு வார்த்தை கேளு."

மதினி கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் போய் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் குழாயைத் திருகி நிறுத்தினான்.

"நெசமாச் சொல்லு. எப்பிடி இருக்க?"

"நல்லா..." என்று தொடங்கிய மதினியால் முடிக்க முடியவில்லை. கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை யாரு சாடைன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே" என்றாள்.

குழந்தையைத் துண்டில் சுற்றி இடுகாட்டுக்குத் தூக்கிப் போனவன் அண்ணன்தான். அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தவனும் அவன் ஒருவன்தான். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"உன் சாடைதான். மூக்கு அப்பிடியே உன்னோடது."