துண்டுச்சீட்டின் கடைசி வரி

மரியசூசை சார் இறந்த செய்தி வந்தபோது நான் நாகல் நகர் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகள் ஸ்டெல்லாதான் போனில் பேசினாள். "டீச்சர், அப்பா போயிட்டாங்க. காபி கேட்டாங்க, போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள..." எனக்கு அழுகை வரவில்லை. 'ஐயோ, இன்னும் சொல்லவில்லையே' என்றுதான் முதலில் தோன்றியது. காயை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். கேட்க வேண்டியவர் போன பிறகு ஓடி என்ன பயன்? அன்று பிடித்த பதற்றம் இன்னும் விடவில்லை. இதை எழுதும்போதுகூட நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

உங்களில் பலர் அவரிடம் வரலாறு படித்திருப்பீர்கள். அதே பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியை. ஓய்வுக்குப் பிறகு அவர் வாழ்க்கை வரலாறுகள் எழுத, நான் மெய்ப்புத் திருத்தினேன். எங்களுக்குள் சண்டை வராத அத்தியாயம் கிடையாது. மிஷனரிச் சாமியார் ஒருவரைப் பற்றிய முதல் புத்தகத்தின்போது பங்குக் கோவில் மக்கள் சிலர் வந்து, "அவுக ஜெபம் பண்ணுன அன்னைக்கே மழை பேஞ்சுச்சுன்னு எழுதுங்க சார்" என்றார்கள். சாமியாரின் சொந்தக் குறிப்பில் மழை பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது. "பதினோரு நாளும் அவரு முட்டி போட்டுருக்காரு. அதை நான் ஏன் திருடணும்?" என்று அனுப்பிவிட்டார். எனக்கே அவர் செய்தது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "செத்தவுக வந்து மறுப்பு எழுத மாட்டாங்க டீச்சர். அதனால நாமதான் பயந்து எழுதணும்."

அப்படிப்பட்டவருக்கே அடி சறுக்கியது. இந்தப் பக்கத்துப் பாளையம் ஒன்றின் ராணியைப் பற்றி எழுதியது அவருடைய மூன்றாவது புத்தகம். ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்து மாதா கோவிலுக்கு நிலம் கொடுத்தது அந்த ராணிதான் என்று பதினொன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். ஊரார் காலங்காலமாகச் சொன்னதை அந்த ஒரு தடவை மட்டும் அப்படியே நம்பிவிட்டார். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்திலேயே ராணி இறந்துவிடுகிறார். நிலம் கொடுத்த வருஷம் அதற்கு நாலு வருஷம் பிந்தியது.

நான் அதைப் பார்த்தேன். மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். பிறகு அழித்துவிட்டேன். கோவில் திருவிழாவில் வெளியீடு வைத்திருந்தார்கள். கேட்டால் மனிதர் புத்தகத்தையே நிறுத்திவிடுவார். மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி எனக்கும் அலுத்துப்போயிருந்தது. 'தொலையட்டும், எவன் கண்டுபிடிக்கப் போகிறான்' என்று தாள்களைக் கொடுத்தனுப்பினேன். அவரிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான்.

வெளியீடு முடிந்த மறு வாரமே கண்டுபிடித்தார் ஒரு பூ விவசாயி. "ஏன் சார், செத்துப்போன பெறகு ராணி எப்பிடி வந்து நெலம் எழுதிக் குடுத்துச்சு?" சார் அன்று சாப்பிடவில்லை என்று ஸ்டெல்லா சொன்னாள். பங்குக் கோவிலின் பழைய பதிவேடுகளை மாதக்கணக்கில் புரட்டிக் கடைசியில் பிடித்துவிட்டார். நிலம் கொடுத்தது வெள்ளையம்மாள் என்ற விதவை.

பிழைதிருத்தத் துண்டுச்சீட்டு அச்சடித்தார். புத்தகம் வாங்கியவர்கள் எல்லோரும் அவருக்கு ஞாபகத்தில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே ஒட்ட வேண்டும் என்றார். எழுபது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலி வேறு. என் ஸ்கூட்டரின் பின்னால் பசைப் புட்டியோடு உட்கார்ந்து வந்தார். சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளி, "இம்புட்டுச் சின்னச் சீட்டுக்கா இந்த வெயில்ல வந்தீக?" என்று கேட்டார். "என் தப்பு இம்புட்டுத் தூரம் வந்துருக்கே அப்பு, நான் வரக்கூடாதா?" என்றார் சார். நான் தறியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாதா கோவில் இருக்கும் அந்தக் கிராமத்தில்தான் எதிர்ப்பு. "ராணி குடுத்ததாவே இருக்கட்டும் சார். தாலியறுத்தவ குடுத்தான்னா எவன் மதிப்பான்?" என்றார் கோவில் உபதேசியார். சார் சீட்டை அவர் கையில் வைத்தார். "ராணி குடுத்துருந்தா இருக்குறதுல கொஞ்சம் குடுத்துருக்கும். இந்தம்மாவுக்கு இருந்ததே அந்த ஒரு துண்டு நெலம்தான். அவளுக்கு வர வேண்டிய பேரை ராணிக்குக் குடுத்துட்டேனே, நான் எந்த மூஞ்சியோட பூசைக்குப் போவேன்?" உபதேசியார் சீட்டைப் படித்தார். பிறகு உள்ளே போய்த் தன் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினார்.

அன்று திரும்பும் வழியிலாவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. "டீச்சர், லாரி வருது, பார்த்து ஓட்டுங்க" என்றார். அதோடு விழுங்கிவிட்டேன்.

சீட்டின் கடைசி வரி இது: "இப்பிழை முழுவதும் ஆசிரியருடையது, மெய்ப்புத் திருத்தியவருக்கு இதில் பங்கில்லை." பெரிய மனிதரின் மரியாதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா ஒரு பழைய கட்டைக் கொடுத்தாள். "உங்க கையெழுத்தா இருக்கு, நீங்களே வச்சுக்கங்க டீச்சர்." ராணி புத்தகத்தின் மெய்ப்புத் தாள்கள். பதினொன்றாம் அத்தியாயத்தில் நான் அழித்த இடம் தேய்ந்து வெளுத்திருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கீழே சாரின் பொடி எழுத்து: "டீச்சர் பார்த்திருக்கிறார். கேட்க வேண்டாம்."

அந்த விவசாயி கேட்ட பிறகு தாள்களை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் என் ஸ்கூட்டரில் ஊர் ஊராக வந்திருக்கிறார். தெரிந்துதான் அந்த வரியை அச்சடித்திருக்கிறார். ஜெபத்துக்கும் மழைக்கும் நடுவில் ஒரு நாளைக்கூடக் குறைக்காத மனிதர், எனக்காக ஒரு பொய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதேன்.

சார், நீங்கள் இனி மறுப்பு எழுத முடியாது. அதனால் பயந்துதான் எழுதுகிறேன். உங்கள் சீட்டில் கடைசி வரி தப்பு.

கட்டோடு மிச்சச் சீட்டுகளும் அந்தப் பசைப் புட்டியும் இருந்தன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். என் பிரதியில் அந்த வரியை அடித்துவிட்டு, "நான் பார்த்தேன், சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராணி புத்தகம் உங்களில் யார் வீட்டில் இருந்தாலும் எடுத்து வையுங்கள். வருகிறேன்.